கறுப்பு ஒயருக்குள் இரண்டு இழை

பழைய லாரியில் பின்பக்க விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், சார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

என் பெயர் ஜான்பீட்டர். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி போகிற ரோட்டில், அண்ணாதுரையின் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன். லாரி உள்ளே வரும்போது ஹார்ன் சத்தத்தை வைத்தே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடுவேன். டிரைவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள், "ஜானு எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

ஆஞ்சப்பன் அவர்களில் முக்கியமானவன். சொந்த லாரி, சொந்தமாக ஓட்டுகிறான். பாரூர், போச்சம்பள்ளி பக்கம் மாங்காய் ஏற்றி, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனிகளுக்குக் கொண்டுபோவான். சீசனில் முதல் நடைக்கு வரும்போது ஒரு கூடை மாம்பழம் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பான். அவன் லாரியில் ஒரு கோளாறு இருந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கும். நான் பல்பு மாற்றினேன், பிளாஷர் மாற்றினேன், பிரேக் சுவிட்ச் மாற்றினேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும், மறுபடியும் வரும். வந்தால் என்ன, என்னிடம்தானே வருகிறான். உட்கார்ந்து டீ குடித்துப் பேசிவிட்டுப் போவான்.

போன வருடம் வினோதா வேலைக்குச் சேர்ந்தாள். ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டுகிற கம்பெனியில் நான்கு வருடம் இருந்த பெண். மரியாதையான பெண்தான். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பற்றிக் குறையாக நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அவள் வந்து மூன்றாவது வாரம் ஆஞ்சப்பன் லாரி வந்தது. நான் வேறு வண்டிக்கு அடியில் இருந்தேன். அவள் ஒரு நீள ஒயரை எடுத்தாள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் கவ்வவிட்டு, மறுமுனையைப் பின்விளக்கின் கூட்டில் வைத்தாள். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. "எர்த் சரியில்லைங்க" என்றாள். சேஸியில் துருப்பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாள். பத்து நிமிடம்.

"ஜானு, நீ மூணு வருசமா பல்பு மாத்துன. இந்தப் பொண்ணு பத்தே நிமிசத்துல பாத்துடுச்சு" என்று ஆஞ்சப்பன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் டீயை அவள் மேசைப் பக்கம் நின்று குடித்தான். இரண்டு பேரும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெலுங்கு புரியும், பேச வராது. பெரிதாக ஒன்றும் இருக்காது, மழையைப் பற்றி, அவன் மகள் படிப்பைப் பற்றி. மற்ற டிரைவர்களும் வந்தவுடன் "வினோதா இல்லைங்களா?" என்று கேட்டார்கள். இந்த சீசனில் மாம்பழக் கூடை அவள் மேசைக்குப் போனது. அவள் உடனே பாதியை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இது உங்களுக்கு" என்று நீட்டினாள். அதை நான் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

பொறாமை என்று எழுதுகிறீர்கள். நீங்கள் எழுதுவதை நான் தடுக்க முடியாது. நான் நினைத்தது, அவளுக்கும் கிடைக்காத கோளாறு ஒன்று இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். தொழிலில் எல்லோருக்கும் அது நல்லது.

ஆனி மாதம் ஸ்பிரிங் பட்டை மாற்றுகிற வேலைக்காக ஆஞ்சப்பன் லாரி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அடியில் போய்ப் படுத்தேன். பின்விளக்குக்குப் போகிற கறுப்பு எர்த் ஒயரின் தோலை பிளேடால் மெல்லியதாகக் கீறி, உள்ளே கம்பி இழைகளை அறுத்தேன். இரண்டு இழையை மட்டும் விட்டேன். தோலை மூடி, மேலே கிரீஸும் மண்ணும் பூசினேன். வண்டி நிற்கும்போது விளக்கு எரியும். மீட்டர் வைத்தாலும் நன்றாகத்தான் காட்டும். ஓட்டத்தில் ஒயர் ஆடும்போதுதான் இணைப்பு விட்டுப்போகும். என் அனுபவத்தில் அதைவிட சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

ஒரு வாரத்தில் ஆஞ்சப்பன் திரும்பி வந்தான். அவள் போல்ட்டைத் தேய்த்தாள், பல்பு மாட்டும் கூட்டை மாற்றினாள். அடுத்த வாரமும் வந்தான். இரண்டு நாள் லாரிக்கு அடியிலேயே கிடந்தாள். அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது.

மூன்றாம் நாள் காலையில் கைகளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியலண்ணா. நீங்கதான் சொல்லணும்."

"ஓடும்போதுதானே விட்டுப்போவுது? ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். "நான் கேபின்ல உக்காந்து சுவிட்ச்சைப் பாக்கறேன். நீ ஸ்கூட்டியில பின்னாடியே வா. பழைய கண்ணாடி, வெயில்ல தூரத்துல இருந்து லைட்டு தெரியாது. பக்கத்துலயே வா. லைட்டை விட்டுக் கண்ணை எடுக்காத."

"சரிண்ணா" என்றாள். ஹெல்மெட்டைக்கூட மறக்காமல் போட்டுக்கொண்டாள்.

பதினோரு மணி இருக்கும். இறக்கத்தில் லாரி நல்ல வேகத்தில் போனது. இரண்டு தடவை ஆஞ்சப்பன் லேசாக மிதித்தான். விளக்கு எரிந்திருக்க வேண்டும், அவள் கை காட்டினாள். பிறகு ரோடு குண்டும் குழியுமாக வந்தது. இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டில் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியை லாரி மறைத்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இப்ப நல்லா அழுத்தி மிதி" என்றேன்.

"பொண்ணு பின்னால வருதே" என்றான் ஆஞ்சப்பன்.

"அது பாத்துக்கும். மிதி."

மிதித்தான். சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை.

நான் ஏன் தானாக வந்தேன் என்று கேட்டீர்கள். ஆஞ்சப்பனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் குற்றமில்லை, நான் சொன்னதைச் செய்தான். அது ஒரு காரணம். இன்னொன்று, நேற்று அவள் வீட்டில் உடலை எடுக்கும்போது அண்ணாதுரை எல்லோர் முன்னாலும் சொன்னது: "இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா அந்தப் பொண்ணே கண்டுபிடிச்சிருக்கும்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. கண்டுபிடித்திருக்க மாட்டாள், சார். லாரி உங்கள் ஸ்டேஷன் வாசலில்தானே நிற்கிறது. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுத் தேடச் சொல்லுங்கள்.

ஒயரை அறுத்தது நான். பக்கத்தில் வரச் சொன்னது நான். பார்த்துவிட்டுத்தான் மிதிக்கச் சொன்னேன். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் கூடவே எழுத வேண்டும். தெரியவில்லை என்று அவள் ஒரே ஒரு தடவை என்னிடம் வந்து கேட்டிருந்தால், அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.