கொக்கி விழாத கத்தி

உக்காருங்கக்கா, இப்படி நெழல்ல உக்காருங்க. எந்திரிக்கலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, ரெண்டு கையும் புளியா இருக்குது. பையன் இப்பத்தான் தூளியில கண்ணு மூடினான். அவரும் களி தின்னுட்டு உள்ள படுத்திருக்காரு. மெதுவாவே பேசிக்கலாம்.

நீங்க எதுக்குங்க இதுல கை வெக்கிறீங்க. சரி, சும்மா இருக்க முடியலைன்னா ஓட்ட மட்டும் நீக்கிப் போடுங்க. கீறிக் கொட்டை எடுக்கறத நான் பாத்துக்கறேன்.

அவரப் பாக்கத்தான வந்தீங்க? தெரியுமுங்க. நாளைக்குப் பென்னாகரத்துக்கு தாசில்தாரு வராரு, பரிசல் தொறக் குத்தகை யாருக்குன்னு முடிவாவுது. உங்க வூட்டுக்காரரு தீர்த்தண்ணனுக்கு எதிரா எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்காம இருந்தாப் போதும்னு கேக்க வந்திருக்கீங்க. கேளுங்க, எந்திரிச்சதும் கேளுங்க. நல்லாத்தான் பேசுவாரு. பாவம் தீர்த்தன், ஆறு மாசம் ஜெயில்ல கெடந்தவன்னு சொல்லுவாரு. செல்லிக்கு ஒரு படி கேவுரு அளந்து போடுன்னு என்னைக் கூப்புட்டுச் சொல்லுவாரு. நீங்களும் மடியில வாங்கிக்கிட்டுக் கும்புடு போட்டுட்டுப் போவீங்க.

ஆனா இவரு தாசில்தாருக்கு மகஜரு எழுதிட்டாருங்கக்கா.

நானே படிச்சேன். பெட்டி மேல கெடந்துச்சு. மூணாங் கிளாசு வரைக்கும் போனவதானுங்களே, எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். அது அவருக்கு ஞாபகமே இல்ல. ஆடி மாசம் நடு ஆத்துல பரிசல் முங்குனது தீர்த்தனோட அசட்டை, தோலு இத்துப் போனது தெரிஞ்சே ஆளேத்தினான், அக்கரைக் கருப்பி செத்தது அவனாலதான், மறுபடி அவங்கிட்டத் தொறைய விட்டா இன்னும் நாலு உசுரு போவும். இப்படி எழுதி, கீழ ஒம்பது பேரு கைநாட்டு வெச்சிருக்காங்க. ஒம்பதுல நாலு பேரு நீங்க மீனு வறுத்துப் போட்டுத் தின்னவங்க.

அழுவாதீங்க. புளியில ஈரம் பட்டாக் கறுத்துப் போவும்னு எங்க மாமியா கத்துவா.

எதுங்க, இந்தக் கத்தியா? ஆமா, மடக்குக் கத்திதான். பட்டாளத்துல இருந்து லீவுல வந்தாரே சவுரியப்பன், அவரு குடுத்தது. இந்தப் பக்கத்துல இப்படி ஒரு கத்தி யாருகிட்டயும் கெடையாது. இழுத்து விரிச்சா, பாருங்க, முதுகுல இருக்கற கொக்கி டொக்குன்னு பள்ளத்துல விழுந்து பூட்டிக்கும். கொக்கிய அமுக்கினாத்தான் மடங்கும். கத்தி வந்த புதுசுல எங்க வூட்டுக்காரரு ஊரு முச்சூடும் காட்டிட்டுத் திரிஞ்சாரு. எனக்குத் தலைக்கு வெக்க எண்ணெ இருக்காது, கத்திக்கு இருக்கும்.

அவரு இல்லாதப்ப நான் புளிக்கு எடுத்துக்குவேன். கீறி, முனைய உள்ள வுட்டு நெம்பினாக் கொட்டை தெறிச்சு வந்துரும். அருவாமனையில அந்த வேல ஆவாது. நெம்பி நெம்பித்தான் கத்திக்கு ஆட்டம் கண்டுருச்சு. நாந்தான் கெடுத்தேன், இல்லைன்னு சொல்லல.

ஆட்டம்னா ரெண்டு தினுசா இருக்குதுக்கா. தொட்டுப் பாருங்க. இப்படி எடமும் வலமும் லொடலொடன்னு ஆடுது பாருங்க, இது ஆணி தேஞ்ச ஆட்டம். இதால ஒண்ணும் கெட்டுப் போவாது, கோணலா அறுக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு மேலயும் கீழயும். அலகப் புடிச்சுத் தூக்குங்க. நெல்லு மொன அளவு அசையுதுங்களா? அதுதான் பொல்லாதது. கொக்கி பள்ளத்துல முழுசா விழல, உதட்டுல தொத்திக்கிட்டு நிக்குது. பாக்கறதுக்குப் பூட்டின மாதிரியே இருக்கும்.

அறுத்தா ஒண்ணும் ஆவாது, அதக் கேளுங்க. இழுத்து இழுத்து அறுக்கறப்ப அலகு விரியற பக்கந்தான் போவும். நாளு பூரா அறுக்கலாம். கெட்டியான எதுலயாச்சும் முனைய வெச்சுக் குத்தி அழுத்தினாத்தான் கொக்கி நழுவும். எனக்கு ஒருக்கா அப்படி ஆச்சு. காஞ்ச புளி, கல்லு மாதிரி இருந்துச்சு, குத்தினேன், படக்குன்னு மடங்கிருச்சு. நல்ல வேள, விரல எடுத்துட்டேன். அன்னிக்கே அவருகிட்டச் சொன்னேன், கொக்கி சரியா விழ மாட்டேங்குது, குத்தாதீங்க, கையில விழுந்துரும்னு. புளி நெம்பற கழுதைக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியும்னாரு. தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. அதுவே போதுமா இருக்குது இப்ப.

தூளி ஆடுதா? இல்ல, காத்துதான். தூங்கட்டும்.

அவரு வலது கை ஞாபகம் இருக்குதுங்களா? துடுப்புப் புடிக்க முடியாமப் போச்சே. புல்லறுக்கப் போயி அருவா வழுக்கிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னாரு. நீங்ககூடப் பச்சிலை அரைச்சுக் குடுத்து அனுப்புனீங்க. ஆடி மாசம், விடிஞ்சும் விடியாம எந்திரிச்சுப் போனாரு. தலத்துண்டுல கையச் சுத்திக்கிட்டுத் திரும்புனாரு. துண்டு பூரா ரத்தம். நான் அப்ப ஏழு மாசப் புள்ளத்தாச்சி. கையக் கழுவத் தண்ணி மொள்ள வெளிய வந்து நிமுந்து பாக்கறேன், அருவா எரவாணத்துல சொருகுன எடத்துலயே இருக்குது. புல்லுக்கட்டும் இல்ல.

நான் கேக்கலைங்க. நான் என்னிக்கு எதக் கேட்டேன்? அவராத்தான் சொன்னாரு. துணியக் கட்டறப்ப வலி தாங்காம எடது கையால என்னைச் செவுட்டுல ஒண்ணு வெச்சு, நீ நெம்பி நெம்பிக் கொக்கியக் கெடுத்த, அதான்டி என் வெரலு போச்சுன்னாரு. கையக் கடிச்ச கத்தி எனக்கெதுக்குன்னு எம்மேலயே வீசினாரு. அப்ப இருந்து எங்கிட்டத்தான் இருக்குது. அவருக்கு மறந்தே போச்சு.

அன்னிக்கு உச்சிப் பொழுதுலதான் பரிசல் முங்குச்சு.

எனக்கு ஒடனே வெளங்கலைங்க, சாமி சத்தியமா. தீர்த்தண்ணன் கோர்ட்டுல நின்னு, தோலு புதுசுங்க, மாசியிலதான் மாத்தினேன்னு சொன்னாரே, அதக் கேட்டு வந்து ஊருல சிரிச்சாங்களே, அப்பத்தான். நான் பாத்தவளாச்சே. நீங்க ரெண்டு பேரும் மணல்ல உக்காந்து அந்தத் தோலுக்கு எண்ணெ தேச்சது, நான் தண்ணி மொண்டுக்கிட்டு நின்னு பாத்தேனுங்க. எருமத் தோலு. அது அஞ்சு மாசத்துல எப்படி இத்துப் போவும்? அன்னிக்குச் சாயந்தரம் கத்திய வெறுங்கையில விரிச்சு வெச்சு யோசிச்சேன். புல்ல யாருங்க குத்துவா? எதக் குத்தினா இந்தக் கொக்கி நழுவும்? கவுத்து வெச்சிருந்த பரிசல்ல, கெட்டியான தோலு.

ஆளு சாவணும்னு நெனச்சிருக்க மாட்டாரு. பாதி கீறி வுட்டா ரெண்டு நடையில தண்ணி ஏறும், தீர்த்தன் பேரு கெடும், தொற நம்ம கைக்கு வந்துரும். அவ்வளவுதான் நெனச்சிருப்பாரு. கருப்பிக்கு அது தெரியுமா?

ஏன் இத்தன நாளு வாயத் தொறக்கலைன்னு பாக்கறீங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. வயித்துல புள்ள, பொறந்த வூட்டுல எனக்கு யாரு இருக்காங்க? கோர்ட்டுக்குப் போயி நிக்கற பொம்பளையா நான்? உங்களத் தண்ணித் தொறையில பாத்தா வேற வழியாச் சுத்திப் போனேன், அது உங்களுக்கும் தெரியும். இன்னிக்கும் நீங்களா வந்துதான் உக்காந்தீங்க. கும்புட்டுக் கேக்க வந்தீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

இந்தக் கூடைய எடுத்துக்கங்க. ரெண்டு வீசை இருக்கும். கொட்டை எடுத்துக் குடுக்கக் கூலிக்கு வாங்கிட்டுப் போறேன்னு யாரு கேட்டாலும் சொல்லுங்க. கத்திய அடியில வெச்சு மேல புளியப் போட்டிருக்கேன், வூட்டுக்குப் போயிப் பிரிங்க. இவரு கேட்டா, புளியோட புளியாப் போயிருச்சுன்னு சொல்லிக்கறேன். அடிப்பாரு. எடது கையிலதான அடிப்பாரு, தாங்கிக்கலாம்.

எம்பேர மட்டும் சொல்லிராதீங்கக்கா. என்ன இருந்தாலும் இந்தப் பையனுக்கு அப்பன் அவருதான்.

ம்? இதோ வந்துட்டேங்க, தண்ணிதான, மொண்டுக்கிட்டு வரேன். எந்திரிங்கக்கா, முந்தானைய மூடிக்கங்க. நாளைக்குத் தாசில்தாரு முன்னால அவரு வலது கைய விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. கத்தியப் பாதி மடக்கி அந்தத் தழும்பு மேல வெச்சாப் போதும், நாலு வெரலும் ஒரே கோடா, அலகு விழுந்த எடத்துலயே, அருவா அப்படி வெட்டவே வெட்டாதுங்க, அப்பறம் எதக் குத்துனேன்னு அவரே சொல்லியாவணும்... தோ வரேங்க, செல்லியக்காதான், புளிக்கு வந்தாங்க, நான் அவங்ககிட்ட ரெண்டு வீசை குடுத்தனுப்பறேங்க.