ஆறாம் பாடம் வரைக்கும் பட்டினியா?

— ஆறாம் பாடம் வரைக்கும் எம் பொண்ணு பட்டினி கெடக்கணுமா, சிங்கராயர் அண்ணா?

— ஐயோ சக்ரேஸ்வரிம்மா! பாஷை கத்துக்கிற புக்குன்னா ஒரு வரிசை இருக்குது பாருங்க. மொதல்ல எழுத்து, அப்புறம் பேரு ஊரு, அப்புறம் இது யாரோட கொட, அது யாரோட செருப்பு. சாப்பாட்டு சமாச்சாரம் ஆறாவதுலதான் வருது. நானா எழுதினேன்? நான் விக்கிறவன்.

— ம்மா, மெல்லப் பேசு. கைடு வாங்க வந்தவங்கள்லாம் நம்மளயே பாக்கறாங்க. அண்ணா எனக்காக மெட்ராஸுக்கு சொல்லி ரெண்டு ஜப்பான் புக்கு வரவழைச்சிருக்கார். பெருசு போதும். வாங்கிகினு போலாம்.

— நீ இரு அமிர்தா. அண்ணா, அந்தச் சின்ன புக்குல மொத பாடம் இன்னா?

— இதுலயா... "இது என்ன? இதில் மீன் இருக்கிறதா? வேண்டாம், நன்றி."

— பாத்தியா! இதான்டி புக்கு.

— அது ஊர் சுத்திப் பாக்கப் போறவங்களுக்கும்மா. நான் பரீட்ச எழுதணும். டிசம்பர்ல பாஸ் பண்ணாதான் அங்க முதியோர் இல்லத்துல நர்சு வேல. அந்தச் சின்ன புக்க வெச்சுகினு ஹோட்டலுக்குத்தான் போகலாம்.

— அந்த ஊர்ல எதுல மீனு இல்ல, சொல்லு? ரசம் மாதிரி தெளிவா ஒண்ணு குடுப்பாங்களாம், அதுலயே மீனாம். பக்கத்து வீட்டு மஹிமா போன்ல காட்டினா. நாம கெழங்கயே தொடறதில்ல.

— உங்க ஜைனர் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? எங்க பையன் சார்லி கல்யாணத்துல உங்கம்மா ரெண்டு வாழப்பழத்த சாப்ட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள ஜல்தியா கெளம்பிட்டாங்க பாப்பா. எங்க வீட்ல பிரியாணிய வெச்சுகினு வாசல்லயே நிக்கிறா.

— இருட்டினா சாப்பிட மாட்டோம்னு சொன்னனேண்ணா.

— அங்க குளிர்காலத்துல நாலரைக்கே இருட்டிடுமாம்மா.

— நாலு மணிக்கு சாப்புடு.

— அந்நேரம் யாராவது பெரியவரக் கையப் புடிச்சு நடக்க வெச்சுகினு இருப்பேன்!

— அவரயும் நாலு மணிக்கே சாப்புடச் சொல்லு. வயசானவங்களுக்கு அதான் ஒடம்புக்கு நல்லது. சிரிக்காதீங்கண்ணா.

— சிரிக்கலம்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம கலசப்பாக்கத்துல இருந்து பாப்பாவப் பொண்ணு பாக்க வராங்கன்னு கேள்விப்பட்டேன். அப்ப ஜப்பான்?

— அது பேஜார் புடிச்ச பேச்சு. மொதல்ல புக்கு.

— இல்லம்மா, அண்ணா கேக்கறது சரிதான். மாப்ள வீட்ல வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப மாட்டோம்னு மின்னாடியே சொல்லிட்டாங்க. அப்பா சரின்னார். நீயும் தலையாட்டின. அப்புறம் எதுக்கு எனக்கு புக்கு? அலமாரில அழகுக்கு வெக்கவா?

— இப்ப இன்னா, அந்தப் பெரிய புக்குல அப்படி இன்னா இருக்குது? படி, கேப்போம்.

— மொத பாடம். "நான் அமிர்தா. நான் நர்ஸ். நான் ஆரணியிலிருந்து வருகிறேன்."

— ஆரணின்னே போட்டிருக்குதா?

— இல்லம்மா, நான் சேத்துக்கிட்டேன். வேற யாரோ ஒருத்தர், வேற ஊரு.

— ஆரணின்னா அவங்களுக்கு இன்னா தெரியும்?

— பட்டு நெய்யற ஊருன்னு சொல்லுவேன். அவங்களும் பட்டு நெய்யறவங்கதான? நான் படிக்கிற தமிழாக்க நாவல்லல்லாம், பனி கொட்டற ஒரு சின்ன ஸ்டேஷன்ல யாராவது ஒருத்தர் எறங்குவாங்கம்மா. யாருமே தெரியாது. மொத மொதல்ல பேரத்தான் சொல்லுவாங்க. அதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும். எனக்கும் ஒரு தடவ அப்படி எறங்கிப் பாக்கணும்.

— நாவல்ல பனி கொட்டும். பசிக்குதுன்னு எவனாவது சொல்றானா?

— சக்ரேஸ்வரிம்மா, நான் ஒரு வழி சொல்றேன். பெருசையே எடுத்துக்குங்க. ஆறாம் பாடத்த மட்டும் பாப்பா மின்னாடியே படிச்சுக்கட்டும். சண்ட தீந்துது.

— அப்படிலாம் படிக்க முடியாதுண்ணா. அஸ்திவாரம் போடாம மாடி கட்டற மாதிரி இருக்கும்.

— படிக்கட்டும். பெருசையே குடுங்கண்ணா. ஆனா அமிர்தா, வீட்டுக்குப் போனதும் ஆறாம் பாடம். அதுல அந்த "வேண்டாம்". அத என் எதுர்ல சொல்லிக் காட்டணும்.

— மீனு வேணாம்னு சொல்றதுக்கு இப்பயே இன்னாம்மா அவசரம்? எங்கயும் போகப் போறதில்லயே நான்.

— மீனுக்கு மட்டுமாடி? காலைல கலசப்பாக்கத்துக்கு போன் போட்டேன். ஞாயித்துக்கெழம வராதீங்க, இந்த சம்பந்தம் எங்களுக்கு வேணாம், எம் பொண்ணு ஜப்பானுக்குப் போறான்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்த வாயில வர்றதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டு போச்சு. உனக்காவது அது மொதல்லயே வரட்டும்.