அரிசி டின்னில் இருந்த கேசட்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் காலை 9.10 பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஒரு புது எவர்சில்வர் டின் இருந்தது.

"நேத்து அரிசி எடுக்கிறேன், கையில வீடியோ கேம் கேசட் வருது."

"உப்புக் காத்துல கேசட்டோட செம்புப் பின்னெல்லாம் பச்சையாயிடுது ஸ்டெல்லா. அரிசியில வச்சா ஈரம் இழுத்துக்கும்."

"போன மாசம்தான் சேர்க்க ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள மூணு. ஒண்ணாவது ஓடுதா?"

"அதுக்குப் பழைய டிவி வேணும்."

"அதை எதுல வைப்பீங்க, நெல்லு மூட்டையிலயா?"

அவர் வெளியே உப்பளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"சின்ன வயசுல பக்கத்து வீட்டு ஜன்னல்ல நின்னு ஒரு கேம் பார்ப்பேன். அதே கேம் கேசட்ட கோட்டக்குப்பத்துல ஒரு துபாய்க்காரர் வீட்டுல தர்றேன்னாங்க. நீ வேணாம்னா போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

அவர் போனை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார்.

கோட்டக்குப்பம் நிறுத்தத்தில் அவள்தான் முதலில் எழுந்தாள்.

"எறங்குங்க."

"கேக்கவே மறந்துட்டேன். இந்த டின் எதுக்கு?"

"அரிசிக்கு. பழைய டின்ன நீங்க வச்சிக்கோங்க. அடியில ரெண்டு படி அரிசி விட்டு வச்சிருக்கேன். அதுல நான் கை வைக்க மாட்டேன்."