பதில் சொல்லாத எட்டு வினாடி

கோட்டுச்சேரியில் டீயைக் குடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கோபுரம் ஏறிவிடுவேன். ஒரு நாளும் தாமதித்ததில்லை. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா.

கோபுரம் என்றால் மூன்று மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. கீழே ஓடுதளம், சுற்றி வயல், கிழக்கே கடல். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி அது. சிறிய விமானங்கள் இரண்டு. வானொலியில் அவற்றுக்கு வழி சொல்வது என் வேலை. அதற்கு முன் நகரத்துப் பெரிய விமான நிலையத்தில் நான்கு வருடம் இரவுப் பணி. தாங்கவில்லை, விட்டுவிட்டு வந்தேன். அங்கே விடிய விடியக் குரல்கள். இங்கே நாளுக்கு ஆறு தடவை யாராவது பேசினால் அதிகம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நான் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் விடக்கூடாது. பயிற்சியாளர் செம்பியன் இதை மதித்ததே இல்லை. மைக் பொத்தானை இரண்டு முறை தட்டுவார். என் காதில் டக் டக் என்று விழும். அதுதான் பதில்.

கேட்டதற்குச் சிரித்தார். "ஏங்க, ரெண்டு பிளேனுக்கு இவ்ளோ மந்திரமா? காதுல விழுந்துச்சு, தட்டிட்டேன். பேச ஆள் இல்லன்னா ஒரு கல்யாணத்த பண்ணிக்குங்க."

அவரிடம் ஓட்டக் கற்கும் எழில்மதி மட்டும் முழுதாகத் திருப்பிச் சொல்வாள். குரும்பகரத்து நெல் விவசாயி மகள், பத்தொன்பது வயது. கடைசியில் "நன்றி சார்" என்று சேர்ப்பாள். அது விதியில் இல்லை. ஒரு வருடம் எனக்கு அதுதான் பேச்சு. மார்ச் மாதம் செம்பியனைப் பார்த்து அவளும் தட்ட ஆரம்பித்தாள். பதினோரு நாள் அவள் குரலே இல்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை தனியாக ஓட்டி இறங்க வந்தாள். புல் வெட்டும் டிராக்டர் ஓடுதளத்தின் நடுவே நின்றுபோயிருந்தது. அதை ஓட்டும் குஞ்சிதபாதம் அடியில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்றேன். டக் டக்.

விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவள் காதில் வாங்காமலே தட்டியிருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. மறுபடி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வாயைத் திறந்து பேசட்டும் என்று இருந்தேன். அதில் தவறிருப்பதாக இப்போதும் தோன்றவில்லை. ஒழுங்கு அப்படித்தான் வரும்.

பேசினாள். "சார், வெயிலு கண்ண அடிக்குது. ரன்வே காலியா சார்?"

வானொலியில் தமிழ் கூடாது. அதற்காக நான் கோபப்படவில்லை.

மைக் பழுது என்று முதல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேனே, அது பொய். மைக் நன்றாக இருந்தது. என் கையில்தான் இருந்தது. 'ஏறு' என்று ஒரு சொல் போதும். எட்டு வினாடி இருந்தது. பதில் சொன்னால் தட்டிவிட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மறுபடி கேட்பாள்.

கேட்டாள். "சார், இருக்கீங்களா?"

அவளும் குஞ்சிதபாதமும் செத்ததற்கு நான்தான் காரணம். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இருக்கிறேனா என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை, ஐயா. இன்னொரு தடவை கேட்பாள் என்றுதான் காத்திருந்தேன்.