குளிர் புகாத அறை

தேநீர் ஆறிப்போய்விட்டது, ஆனால் பரவாயில்லை சார்ஜென்ட். இந்தக் கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாலே தெரிகிறது, இங்கே எந்தக் கோப்பையும் சூடாக இருக்க வழியில்லை. பலருக்கு இது புரிவதே இல்லை. குளிர் எங்கிருந்தோ உள்ளே நுழைவதாக நினைத்துக்கொண்டு ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணிக்கிறார்கள். குளிர் எங்கும் போவதுமில்லை, வருவதுமில்லை. சூடுதான் ஓடிப்போகிறது, அதுவும் மேல்பக்கமாக. நம் வீட்டு அடுப்பு ராத்திரி பகலாக எரிந்து இந்த ஹாலிஃபாக்ஸ் ஊர்க் காக்கைகளுக்குக் குளிர்காய உதவுகிறது.

என் அண்ணன் ஹெர்பர்ட் எங்கள் வீட்டுக் கூரையறையில் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூரையிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அண்ணி காலமான பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தார். அந்த இரண்டு வாரம் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. கூரைக்கு அடியில் ஓர் அறை இருந்தது, இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். அதைக் கொடுத்தேன். கட்டிலும் மேஜையும் போட்டுக்கொண்டார். கூடவே அதையும் கொண்டுவந்தார்.

அது என்றால் யூஃபோனியம். நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மடியில் குழந்தையை வைத்திருப்பது போல அணைத்துக்கொண்டு ஊதுகிற பித்தளை வாத்தியம். அண்ணன் எங்கள் கம்பளி மில்லின் வாத்தியக் குழுவில் ஊதியவர். மில் மூடிவிட்டது. தறிகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். வாத்தியக் குழுவை மட்டும் யாருக்கும் மூடத் தோன்றவில்லை.

அந்தச் சத்தம் காதில் கேட்கிற சத்தமல்ல. தரை வழியாக இறங்கி, நாற்காலி வழியாக ஏறி, வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் ஊதுவார், மதியம் ஊதுவார், நான் செய்தி கேட்க உட்கார்ந்தால் கட்டாயம் ஊதுவார்.

நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே என்று நேற்று ஒரு இளம் போலீஸ்காரர் கேட்டார். தெற்கிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, எங்கள் பக்கத்து வழக்கம் தெரியவில்லை. ஒரு மனிதரிடம், அதுவும் கூடப்பிறந்த அண்ணனிடம், நீ ஊதுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதா? எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. துடைப்பக் கட்டையால் மேலே இரண்டு தட்டு தட்டுவேன். இரண்டு தட்டு என்றால் போதும் என்று அர்த்தம். சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்த காலத்தில் அண்ணனே போட்ட சட்டம் அது. யார் கட்டிலின் பலகையில் இரண்டு தட்டினாலும் அடுத்தவன் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலத் தேநீரின்போது அவர் சொன்னார்.

"நேத்து கீழருந்து தாளம் போட்டியே, அருமையா இருந்துச்சுடா நார்மன்."

"தாளம் இல்லண்ணே அது."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

"ஊத்து, ஊத்து. இன்னிக்கும் போடு. நீ போடுறப்ப எனக்கு இன்னும் நல்லா வருது."

பார்த்தீர்களா? பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நிறுத்தியதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. இருவருமே நாகரிகமானவர்கள்.

ஆகவே கூரையறைக்குக் கல் கம்பளி போட முடிவு செய்தேன். நான் முப்பது வருடம் ஆட்டுக் கம்பளியோடு மாரடித்தவன். மில் போனபின் கிடைத்த வேலை பாறையை உருக்கி நூலாக்கிய இந்தக் கம்பளியை ஊரார் கூரைகளில் அடைப்பது. ஊருக்கெல்லாம் செய்கிறேன், சொந்த அண்ணனுக்குச் செய்யக்கூடாதா? அவரிடம் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். "எனக்காகவாடா?" என்றார். உங்களுக்காகத்தான் அண்ணே என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேலை சுத்தமாக இருந்தது, போய்ப் பார்த்திருப்பீர்கள். சரிவுகளில் உத்தரத்துக்கு உத்தரம் கம்பளியை இடைவெளி தெரியாமல் பொருத்தினேன். ஓட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில் மட்டும் காற்றோடச் சந்து விட்டேன். புதுப் பசங்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். சந்து விடாவிட்டால் ஈரம் தங்கி உத்தரம் உளுத்துப்போகும். மரமும் மூச்சு விட வேண்டும், சார்ஜென்ட். அந்த அளவுக்கு நான் பார்த்துச் செய்கிறவன்.

பிறகு தரைப் பலகைகளைப் பெயர்த்து அடியிலும் கம்பளியை அடைத்தேன். அங்கே போட்டது இன்னும் கனமான ரகம். உங்கள் தரப்பில் கூட்டிவந்த நிபுணர் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம். ஆள் இல்லாத கூரை என்றால் தரையில் போடுவார்கள், ஆள் குடியிருக்கும் அறை என்றால் சரிவில்தான் போடுவார்கள், இரண்டிலும் எதற்கு என்று. கெட்டிக்காரர். தரையில் போட்டால் கீழ்வீட்டுச் சூடு மேலே போகாது, மேலே இருப்பவருக்கு நஷ்டம்தான். ஆனால் சூடு ஏறாத வழியில் சத்தமும் இறங்காது. இதையும் அவர் சொல்லியிருப்பார். நான் மறுக்கவில்லை.

முதல் நாள் அண்ணன் மேலே போய் ஊதினார். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதுவுமே இல்லை. மேஜை விளக்கின் மூடியில் தொங்கும் குஞ்சம் மட்டும் அந்த அதிர்வில் மெல்ல ஆடியது. கடிகாரம் ஓடும் சத்தத்தை அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அழுதுவிட்டேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த நிம்மதி சரியாகப் பத்து நாள்கூட நிலைக்கவில்லை. பிப்ரவரிப் பனி முழங்கால் வரை கிடந்தது. நான் சமையலறையில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று யூஃபோனியம் ஜன்னல் வழியாக, தெருவிலிருந்து உள்ளே வருகிறது. வீட்டுக்கு வெளியிலிருந்து! மேலே ஓடினேன். கூரை ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாடா. வேகுதுடா உள்ள. இதைத் திறந்துவிட்டப்புறம்தான் உசுரே வந்துச்சு."

"ஹீட்டர் ஓடுதுண்ணே."

"ஓடட்டுமே."

"பனி கொட்டுது."

"கொட்டட்டுமே! நீ அடைச்ச அடைப்புக்கு இதெல்லாம் ஒரு குளிராடா? உன் வேலைன்னா வேலைதான்."

ஓடட்டுமே என்றார், சார்ஜென்ட். நான் முட்டிபோட்டு, தும்மித் தும்மி, முழங்கை வரை அரிப்போடு இழை இழையாகச் சேர்த்து வைத்த சூடு முழுவதும் அந்த ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் அந்தச் சத்தத்தையும் கைப்பிடித்து என் சமையலறைக்கு அழைத்து வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முட்டை ரெடிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

மறுநாள் அவர் முடிவெட்டப் போயிருந்தபோது ஜன்னல் சட்டத்தில் நாலு திருகாணி இறக்கினேன். காற்று புகுகிறது, வசந்தம் வந்ததும் கழற்றிவிடலாம் என்று சொன்னேன். "நீ சொன்னா சரிதான்" என்றார். அடுத்த திங்கட்கிழமை காலையில் மேலறைக் கதவையும் மாற்றினேன். பழைய கதவு தகரம் போல. புதியது தீப்பிடித்தாலும் தாங்குகிற கனமான கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. சாத்தினால் தானாகக் கவ்விக்கொள்ளும், கைப்பிடி இல்லாமல் திறக்க முடியாது. வெளிப்பக்கம் கைப்பிடி மாட்டியாகிவிட்டது. உள்பக்கக் கைப்பிடி மாட்டவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து அண்ணன் மேலே ஏறினார். நான் படிக்கட்டின் கீழே நின்று, பதினோரு வருடமாகச் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னேன்.

"அண்ணே, கதவச் சாத்துங்க, சூடு போகுது."

"சாத்திட்டேன்டா, சாத்திட்டேன். உன் தொல்லை தாங்கல."

அவர்தான் சாத்தினார். இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தக் கதவில் விரல்கூட வைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் சூடு போகிறது என்றால் கதவைச் சாத்திவிட்டுத்தான் அப்புறம் யோசிப்பான்.

அவருடைய இதய மாத்திரை சமையலறை அலமாரியில், தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மறந்துவிடுகிறார் என்று நான்தான் தினமும் ராத்திரித் தேநீரோடு எடுத்துக் கொடுப்பேன். தொலைபேசி கீழே கூடத்தில். மேல் ஜன்னலின் மேல் ஒரு சாண் பனி. கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்றால், உடைத்திருக்கலாம்தான். ஹெர்பர்ட் இன்னொருவர் வீட்டுக் கண்ணாடியை உடைக்கிற ஆள் இல்லை. அம்மா எங்களை அப்படி வளர்த்திருந்தாள்.

நான் செய்த ஒரே தப்பு பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவர். வரிசை வீடுகளில் கூரையறைக்குக் கம்பளி போடுகிறவர்கள் எல்லோரும் மறந்துவிடும் சுவர் அதுதான். சரிவைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், அந்த ஒற்றைச் செங்கல் சுவரை எவனும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஊராருக்கெல்லாம் அதைச் சுட்டிக்காட்டியவன் நான். என் வீட்டில் மறந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் மிசஸ் பிக்கிள்ஸ் இருந்தார். செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது எதிர்ப்பட்டார்.

"குளிர் கொல்லுது, இல்லீங்களா மிஸ்டர் ஹார்ஸ்ஃபால்?"

"ஆமாம்மா. பனி விட்டாத்தான் உண்டு."

"அண்ணன் நல்லா இருக்காரா? ஆளையே காணோம்."

"மோர்கம் கடற்கரைக்குப் போயிருக்கார். கடல் காத்து ஒத்துக்கும்னு."

"அப்படீங்களா. நல்லதுங்க. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். அந்த அம்மாள் அன்று காலை முழுக்கச் சுவருக்கு அப்பால் யூஃபோனியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எப்போதும் போலப் பாட்டு இல்லை, ஒரே நீளமான சுரம், திரும்பத் திரும்ப, மாடு கத்துவது போல. அப்புறம் தட்டுகிற சத்தம். மோர்கம் போன மனிதர் எப்படி மேலே ஊதுவார் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. உங்களிடம் அவரே சொல்லியிருக்கிறார், நேரில் கேட்பது மரியாதையாக இருக்காதே என்று பேசாமல் இருந்துவிட்டதாக. வெள்ளிக்கிழமை தபால்காரனிடம் பேச்சுவாக்கில் சொல்லாமல் இருந்திருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவரைக் குறை சொல்லாதீர்கள். நல்ல பெண்மணி. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

உள்பக்கக் கைப்பிடி கடையிலிருந்து வரவில்லை என்று நேற்று கேட்டபோது சொன்னேன். அது உண்மையில்லை. தேயிலை டப்பாவுக்குள்ளிருந்து நீங்கள் எடுத்தது அதுதான். திங்கட்கிழமை காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. தினமும் தேயிலை எடுக்கும்போது கரண்டியில் இடறும். ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொண்டேன். ஆமாம், அவர் சாகத்தான் அப்படிச் செய்தேன். இதைச் சொல்லச் சொல்லித்தானே காலையிலிருந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கத்தியதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். அது அபாண்டம். நான் எதையுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன், கூடப்பிறந்தவன் அல்லவா? நான் போட்ட கம்பளியைத் தாண்டி ஓர் ஊசி விழும் சத்தம்கூடக் கீழே வராது. என் வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நான் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி கேட்டேன், தேநீர் குடித்தேன். விளக்கு மூடியின் குஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அது கண்டபடி ஆடியது. புதன்கிழமை நிதானமாகிவிட்டது. இரண்டு ஆட்டம், கொஞ்சம் நிற்கும், மறுபடி இரண்டு ஆட்டம். மேலே இரண்டு தட்டு தட்டிப் போதும் என்கிறார். வியாழக்கிழமை மதியம் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் நான் இரண்டு தட்டியபோது அவர் தாளம் என்று நினைத்துக்கொண்டார், இல்லையா? நானும் நாற்காலிக் கையில் விரலை வைத்து, கடைசிவரை அவருக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.