பௌர்ணமி வாசலில் போன பை

மலையின் மடியில், மழைக்காலத்தின் வாசலில் கூடியிருக்கும் இந்த மாலைக்கு என் வணக்கம். நம் மகளிர் மன்றத்தின் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அருணாதேவி அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்று கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று நினைக்கும் ஆண்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது.

அவசரகாலப் பை பற்றிப் பேச அழைத்தார்கள். பேசும் முன் கேட்கிறேன். இந்த நொடி வெள்ளம் படியேறி வருகிறது. கையில் எதை எடுப்பீர்கள்? என்னம்மா, நகையா? நகை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். நனைந்த குழந்தைக்கு மாற்றுடை? யாரது, குக்கரா? சரி, அடுப்பை யார் தூக்கி வருவது? சிரிக்காதீர்கள். இதே கேள்வியோடு நம் தெருவில் வீடுவீடாய்ப் போனேன். ஒரு வீட்டில் ரேஷன் கார்டு என்றார்கள், ஒரு வீட்டில் சார்ஜர், ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டி. மனிதர் மனத்தில் முதலிடம் எதற்கு என்று அறிய இதைவிட எளிய கேள்வி உண்டா?

என் மனத்தில் முதலிடம் மூச்சுக்கு. என் மகள் கீதாஞ்சலிக்கு நான்கு வயது. குளிர்காற்று பட்டால் இழுப்பு வரும். ஆகவே போன ஐப்பசியில் ஒரு பை கட்டினேன். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச், துண்டு, மாற்றுடை. பக்கவாட்டு ஜிப்பில் அவளுடைய இன்ஹேலர். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அவசரகாலப் பையைக் கதவருகே வைக்கச் சொல்வார்கள். வைத்தேன்.

வந்தது பௌர்ணமி. நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மலை சுற்றுவோருக்குக் கொடுக்க நினைப்பதை வாசலில் வைப்போம்; அன்னதானப் பந்தல்காரர்கள் எடுத்துப் போவார்கள். அவர்கள் கேட்பதில்லை, நாம் சொல்வதில்லை. வீடு துடைக்க வேண்டும் என்று என் கணவர் அருண்பிரசாத் அந்தப் பையை வாசற்படிக்கு நகர்த்தினார். பந்தல் வேலை பார்க்கும் வல்லரசு வந்தார், திறந்தார், தண்ணீரும் பிஸ்கட்டும் கண்டார். மகிழ்ந்தார். எடுத்துப் போய்விட்டார்.

பிற்பகலில் மழை பிடித்தது. பிள்ளை இருமினாள். இருமல் இழுப்பாயிற்று, இழுப்பில் விலா உள்வாங்கியது. கதவருகே ஓடினேன்.

“ஏங்க, பை எங்க?”

“பந்தலுக்கு வெச்சதா? வல்லரசு அப்பவே எடுத்துட்டுப் போயிட்டானே.”

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ஆனால் சாலை நிறைய மக்கள். வண்டி எப்படி வரும்? செருப்புகூடப் போடாமல் அவர் பந்தலுக்கு ஓடினார். பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா அக்கா வந்து பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

“என் கையப் பாரு கண்ணு. டீ ஆத்துற மாதிரி மெதுவா ஊது. வினோதினி, நீ அழாத. நீ அழுதா அதுக்கு ஜாஸ்தி ஆவும்.”

பந்தலில் என்ன நடந்தது? பிஸ்கட் மலை சுற்றப் போயிருந்தது. துண்டு யாரோ ஒருவர் தலையில் நனைந்துகொண்டிருந்தது. டார்ச் எந்த ஊர் பஸ் ஏறியதோ, யாருக்குத் தெரியும்? வல்லரசு கையில் ஒன்றே ஒன்று இருந்தது.

“அண்ணா, எல்லாம் காலி. இந்த ஊதுற டப்பாதான் பாக்கி. இது இன்னா விசிலான்னு ஒருத்தர் கேட்டாரு. அப்புறம் வேணாம்னு வெச்சுட்டுப் போயிட்டாரு.”

யாருக்கும் வேண்டாத அந்த டப்பா வந்தது. எங்கள் வீட்டுக்கு மூச்சு வந்தது. கூட்டம் விலகி ஆட்டோவுக்கு வழிவிட, மருத்துவமனைக்கும் போனோம். நிறம் திரும்பிய உதட்டால் மகள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“என் கிரீம் பிஸ்கட்டயும் குடுத்துட்டீங்களா?”

என் கணவர் அதோ தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். அவரைப் பார்க்காதீர்கள், பாவம். நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். பிழை யாருடையது? பை வைத்த இடம் சரி. எடுத்த கை சரி. கொடுக்கும் வழக்கம் சரியிலும் சரி. எல்லாம் சரியாய் இருந்தும் என் பிள்ளை ஏன் திணறினாள்? அந்தப் பை எதற்கென்று எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த பை, ஒருவருக்கும் உதவாத பை!

இன்று எங்கள் பை சிவப்பு. வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. அதில் ஒரு இன்ஹேலர், அலமாரியில் இன்னொன்று. பௌர்ணமிதோறும் காலையில், வாசலில் வைப்பதை வைக்கும் முன், அதைத் திறக்கிறோம். மருந்தின் தேதி பார்க்கிறோம். பேட்டரி பார்க்கிறோம். தண்ணீர் மாற்றுகிறோம். பிஸ்கட்டைத் தேதி முடிவதற்கு வெகு முன்பே பந்தலுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாய் வைக்கிறோம். வல்லரசு வாசலில் நின்றே கேட்கிறார்: “அக்கா, செவப்பத் தொடக் கூடாது, அதானே?”

ஊர் பேர் தெரியாதவர் தாகத்துக்கு வாசல் திறந்த தெரு நம் தெரு. பெற்ற பிள்ளையின் மூச்சுக்கு ஓர் ஆணி அடிக்காதா? அடுத்த வீட்டுக்குச் சொல்லாதா? கட்டுங்கள் தாய்மார்களே. கட்டியதைக் காட்டுங்கள். கணவருக்குக் காட்டுங்கள், அண்டை வீட்டுக்குக் காட்டுங்கள், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் காட்டுங்கள். ஆணியை மட்டும் உங்கள் உயரத்துக்கு அடித்துவிடாதீர்கள். என் வீட்டில் அது நான்கு வயதின் உயரத்தில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் கீதாஞ்சலி அதைத் தொட்டுவிடுகிறாள்.

பதறிய நேரத்தில் வந்து நின்ற அக்காவுக்கும், இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வானம் கறுத்திருக்கிறது, பத்திரமாய் வீடு சேருங்கள். வணக்கம்.