முழுசா விழுங்கணும்

வெல்டர்: நெஞ்சு எரியுதுடி. தொண்டை வரைக்கும் புளிச்சுக்கிட்டு வருது.

மனைவி: உள்ள போயி டாக்டரம்மாகிட்ட சொல்லு. என்கிட்ட சொன்னா ஊதி அணைக்கவா முடியும்?

வெல்டர்: அந்த மன வியாதி மாத்திரையை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

மனைவி: நிறுத்திட்டு? மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கவா? குளிக்காம, பேசாம, பிள்ளைங்க கூப்பிட்டாலும் திரும்பாம...

வெல்டர்: அது அப்போ. இப்போ நான்...

டாக்டர்: அடுத்து நீங்கதான், வாங்க. உட்காருங்க. தூக்கம் எப்படி?

மனைவி: குறட்டையில கூரை பறக்குதுங்க.

டாக்டர்: வேலைக்குப் போறாரா?

வெல்டர்: போறேங்க. குனிஞ்சு வெல்டிங் வைக்கும்போதுதான் வயித்துல இருக்கிறது வாய்க்கு வருது. முகமூடிக்குள்ள ஏப்பம் விட்டா எனக்கே மயக்கம் வருது.

டாக்டர்: எரிச்சல் தராத மாத்திரை வேற இருக்கு. ஆனா பகல்லயும் தூக்கம் அசத்தும்.

வெல்டர்: நான் நிக்கிறது மூணாவது மாடிக் கம்பி மேலங்க. அங்க அசந்தா நேரா மேலதான் போகணும்.

மனைவி: மொதல்ல கீழ.

டாக்டர்: அப்போ பழசுதான். முழுசாத்தானே விழுங்குறீங்க? நுணுக்கினா மேல்பூச்சு போயிடும், வயித்தை எரிக்கும்.

வெல்டர்: அது வந்து... விழுங்கவே இல்லீங்க.

டாக்டர்: என்னது?

வெல்டர்: ராத்திரி இவ குடுப்பா. கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு, பின்பக்கம் போயித் துப்பிடுவேன். போன தடவை இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்தே.

டாக்டர்: ஒண்ணுகூட உள்ள போகலையா?

வெல்டர்: ஒண்ணுகூட இல்லை. ஆனாலும் எழுந்திரிச்சேன் பாருங்க! வேலைக்குப் போறேன், சிரிக்கிறேன், இவகூடச் சண்டை போடுறேன்... மனசு இரும்புங்க எனக்கு.

டாக்டர்: ம்... நிஜமாவே மாத்திரை இல்லாம இப்படி இருக்கீங்கன்னா, நிறுத்திட்டுப் பார்க்கலாம்...

மனைவி: ஐயோ, நிறுத்தாதீங்க!

வெல்டர்: ஏண்டி? நான் நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா?

மனைவி: பொறுக்கும்யா. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

வெல்டர்: சொல்லு. நான் துப்புற மாத்திரையை நிறுத்தினா உனக்கென்ன?

மனைவி: நீ துப்பினது துவைக்கிற கல்லுக்கிட்ட கிடந்துச்சுய்யா. அன்னையிலேர்ந்து ராத்திரி உனக்குக் குடுக்கிறது வெறும் சத்து மாத்திரை. நிஜ மாத்திரையைக் கரண்டியால நசுக்கி, காலையில காபியில கலக்கிக்கிட்டு இருக்கேன். நீ எழுந்திரிச்சது அதனால. எரியறதும் அதனாலதான் போல... சொல்லாமக் குடுத்ததுக்கு உன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்கணும், அது பாக்கி. நீ மொதல்ல ஒண்ணை முழுசா விழுங்கு, அப்புறம் கேட்கிறேன்.